நல்ல சீட்டைக் கைவிடப் பழக்குமா? ஜிடிஓ விசார்ட் பயிற்சிச் சேவை: ஒரு மதிப்பீடு

நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் என்பது கையில் இரண்டு சீட்டும் மேசையில் பொதுவாக ஐந்து சீட்டும் வைத்து, கையிருப்பு முழுவதையும் பந்தயம் வைக்கக்கூடிய போக்கர் ஆட்டம். அதற்கான பயிற்சித் தளங்களில் இன்று பலரும் முதலில் சொல்லும் பெயர் ஜிடிஓ விசார்ட். எந்த நிலையில் எப்படி ஆடுவது சிறந்தது என்று முன்கூட்டியே கணித்து வைக்கப்பட்ட விடைகளைப் புரட்டிப் பார்ப்பதற்கும், அவற்றோடு நம் முடிவுகளை ஒப்பிட்டுப் பழகுவதற்குமான சந்தா சேவை அது. இணைய உலாவியில் திறந்துகொள்ளலாம், கைப்பேசியிலும் ஓடும். அதன் எல்லா வசதிகளையும் இங்கே அலசப்போவதில்லை. ஒரே ஒரு கேள்வியை வைத்து அதை அளக்க விரும்புகிறேன்: கையில் நல்ல சீட்டு விழுந்து, அதை நம்பிக் கணிசமான சில்லுகளையும் போட்ட பிறகு, அந்தக் கையைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டிய இடம் எது என்று இந்தச் சேவை கற்றுத்தருகிறதா?

இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் மேசைகளில் ஏழும் இரண்டும் போன்ற மோசமான கை வந்தால் யாரும் தயங்காமல் விட்டுவிடுகிறார்கள். முழு அடுக்கையும் (தன் முன் வைத்திருக்கும் சில்லு முழுவதையும்) இழப்பவர் எப்போதும் ஃபிளஷ் (ஒரே பூவில் ஐந்து சீட்டு) வைத்திருந்து ஃபுல் ஹவுஸிடம் (ஒரே எண்ணில் மூன்றும் வேறொரு ஜோடியும்) மாட்டியவர், ஜோடி ஏஸ் வைத்திருந்து ஸ்ட்ரெய்ட்டிடம் (வரிசையாக ஐந்து எண்) மாட்டியவர், அதாவது இரண்டாவது சிறந்த கையை வைத்திருந்தவர்தான். ரம்மி ஆடி வளர்ந்த குடும்பங்களுக்கு ஸ்கூட் அடிப்பது பழகிய வேலை. முதலிலேயே விட்டால் 20 புள்ளி, நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் 80 வரை போகும் என்று விலைப்பட்டியல் முன்கூட்டியே தெரியும், விடுகிற சீட்டும் பெரும்பாலும் மோசமானதாகவே இருக்கும். நோ-லிமிட்டில் அந்தப் பழக்கம் பாதி தூரம்தான் கைகொடுக்கும். இங்கே விட வேண்டிய கை கண்ணுக்கு அழகானது. விடாவிட்டால் எவ்வளவு போகும் என்பதை எதிரில் இருப்பவரின் சில்லு அடுக்கு முடிவு செய்கிறது.

சிங்கப்பூரில் இருப்பவர் இதற்கு ஒரு பயிற்சிச் சேவையை ஏன் நாட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உரிமம் பெறாத இணையத் தளத்தில் பணம் வைத்து ஆடுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சூதாட்டக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்கக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி அல்லது ஆண்டுக்கு 3,000 வெள்ளி நுழைவுத் தீர்வை கட்ட வேண்டும். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் சிறியதும் பெரியதுமான பந்தயம்) ஆடிப் பழகியவருக்கு அந்த 150 வெள்ளியே ஒரு முழு அடுக்கில் முக்கால் பங்கு. மிஞ்சுவது வீட்டு ஆட்டம். 2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடும்பத்தினரும் நண்பர்களும் வீட்டில் நேரில் கூடி ஆடுவதை அனுமதிக்கிறது. அதைத் தொழிலாக நடத்தக் கூடாது, ஆட்டத்தை ஏற்பாடு செய்தவர் கமிஷன் எடுக்கக் கூடாது. ஆகவே தீபாவளியை ஒட்டியோ நீண்ட வார இறுதியிலோ யாராவது ஒருவருடைய வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் அதே முகங்கள் கூடுகின்றன. அப்படி ஆடும் ஒருவருக்கு ரிவரில், அதாவது மேசையின் ஐந்தாவது, கடைசிச் சீட்டு விழுந்தபின், பெரிய பந்தயத்தை எதிர்கொண்டு நல்ல கையை விடலாமா என்று யோசிக்கும் வாய்ப்பு ஓர் இரவில் ஓரிரு முறை வந்தால் அதிகம். அந்த அனுபவத்தைச் சேர்க்க வாழ்நாள் போதாது. இந்தச் சேவையில் ஒரு மாலைப்பொழுதில் அத்தகைய இடங்களை வரிசையாகச் சந்திக்கலாம். அதற்குக் காசு கொடுக்கலாம் என்பது என் கருத்து. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியமான கருத்து.

திரையில் முதலில் தெரிவது 13 வரிசையும் 13 நிரலும் கொண்ட ஒரு கட்டம். இரண்டு சீட்டுகளாலான 1,326 சேர்க்கைகளும் 169 வகைகளாக அதில் அடங்கிவிடுகின்றன. எந்த நிலையிலும் ஒவ்வொரு கட்டமும் தன் நிறத்தால் பேசும்: சிவப்பு ஏற்றுவதற்கு (பந்தயத்தைக் கூட்டுவது), பச்சை காலுக்கு (எதிராளி வைத்ததற்குச் சமமாகப் போடுவது), நீலம் விடுவதற்கு. முதல் முறை பார்ப்பவருக்கு வியப்பூட்டுவது நீலம் எங்கெல்லாம் பரவுகிறது என்பதுதான். ஃபிளாப்பில் (மேசையின் முதல் மூன்று சீட்டு) சிவப்பாக இருந்த ஜோடி ராணி, டர்னில் (நான்காவது சீட்டு) பச்சையாகி, ரிவரில் ராஜா விழுந்து எதிராளி பாட்டைவிட (நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத் தொகை) பெரிய பந்தயம் வைத்ததும் நீலமாகிறது. கையில் இருக்கும் இரண்டு சீட்டும் மாறவில்லை; அவற்றைச் சுற்றியிருந்தவை மாறிவிட்டன. ஒரு கையின் வலிமை மேசையில் விழுந்தவற்றையும் எதிராளி அதுவரை செய்தவற்றையும் சார்ந்தது என்று ஒரு மணி நேரம் விளக்கினாலும் புரியாதவருக்கு, அந்த நிறமாற்றம் ஒரு நொடியில் புரியவைத்துவிடுகிறது.

இரண்டாவது நல்ல அம்சம் கண்ணில் படாமல் ஒரு மூலையில் இருக்கிறது. ஒவ்வொரு தெரிவுக்கும் பக்கத்தில் அதன் எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது அது சராசரியாக எத்தனை சில்லு தரும் என்ற கணக்கு, எழுதப்பட்டிருக்கும். கையை விடுவதற்கு நேரே எப்போதும் பூஜ்யம். அதுவரை நாம் பாட்டில் போட்டது 10 சில்லாக இருக்கட்டும், 300 சில்லாக இருக்கட்டும், விடுவதன் மதிப்பு பூஜ்யம்தான். “இவ்வளவு போட்டுவிட்டேன், இப்போது எப்படி விடுவது” என்ற வாக்கியத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. போட்டது பாட்டுக்குச் சொந்தமாகிவிட்டது. இனிப் போடப்போகும் சில்லு எவ்வளவு கொண்டுவரும் என்பது மட்டுமே கேள்வி. என்னைக் கேட்டால், நல்ல கையை விட முடியாமல் தவிப்பவர் மற்ற எதையும் பார்க்காமல் அந்தப் பூஜ்யத்தை மட்டும் பார்த்துப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

இனி இந்தச் சேவை எங்கே சிறக்கிறது, எங்கே நம்மைத் தவறான வழியில் விட்டுவிடலாம் என்பதை ஒரே ஒரு கையை வைத்துக் காட்டுகிறேன். பயிற்சிக்காக நானே அமைத்துப் பார்த்த நிலை இது.

நாம் ஃபிளாப்புக்கு முன் ஏற்றினோம், ஒருவர் மட்டும் கால் செய்தார். நம் கையில் இஸ்பேடு ராணி, இஸ்பேடு ஜாக்கி. ஃபிளாப்பில் இஸ்பேடு ராஜா, இஸ்பேடு 8, டைமண்ட் 4. டர்னில் ஆர்ட்டின் 8. ரிவரில் இஸ்பேடு 2 விழுந்து நம் ஃபிளஷ் அமைந்துவிட்டது. பாட்டில் 100 சில்லு இருக்கிறது, நாம் 60 வைக்கிறோம், எதிராளி தன் 260 சில்லையும் உள்ளே தள்ளுகிறார். இன்னும் 200 போட்டால் 420ஐ வெல்லலாம். அதாவது மொத்தம் 620 ஆகப்போகும் பாட்டில் நம் பங்கு 200, நூற்றுக்கு 32.3 முறை வென்றால் நட்டம் இல்லை.

இப்போது நம்மை வெல்லக்கூடியவற்றை எண்ணுவோம். மேசையில் இஸ்பேடு ராஜா கிடப்பதால் நம் ஃபிளஷுக்கு மேலே இருப்பது இஸ்பேடு ஏஸ் கொண்ட ஃபிளஷ் மட்டுமே. மீதமிருக்கும் இஸ்பேடுகளில் 10, 9, 7, 6, 5, 4, 3 ஆகிய ஏழும் ஏஸோடு சேரலாம். எனவே ஏழு சேர்க்கை. ஜோடி 4 வைத்திருந்தவருக்கு ஃபுல் ஹவுஸ், அது மூன்று சேர்க்கை. ராஜாவும் 8ம் ஒரே பூவில் இருந்தால் டைமண்டிலும் கிளாவரிலும் மட்டுமே சாத்தியம், இரண்டு சேர்க்கை. ஜோடி 8 நான்கு எட்டாகிவிட்டது, அது ஒன்று. ஜோடி ராஜா வைத்திருந்தால் ஃபிளாப்புக்கு முன்பே மறுபடி ஏற்றியிருப்பார். ஜோடி 2 வைத்திருந்தால் ராஜாவும் எட்டும் விழுந்த ஃபிளாப்பிலேயே விட்டுப் போயிருப்பார். ஆக நம்மை வெல்பவை 13. நாம் 32.3 சதவீதத்தை எட்ட வேண்டுமானால், நம்மிடம் தோற்கும் சேர்க்கைகள் குறைந்தது ஏழாவது எதிராளியிடம் இருக்க வேண்டும்.

அந்த ஏழு எங்கிருந்து வரும்? நம்மைவிடச் சிறிய ஃபிளஷ் வைத்திருப்பவர், மேசையில் ஜோடி விழுந்திருப்பதைப் பார்த்து, பெரும்பாலும் காலோடு நின்றுவிடுவார். வெறுங்கையோடு தள்ளுபவர்களைத் தேடினால், இந்த மேசையின் முக்கியமான எதிர்பார்ப்பு இஸ்பேடு, அது விழுந்துவிட்டது. இஸ்பேடுக்காகக் காத்திருந்தவர் எவரும் ஏமாறவில்லை, ஃபிளஷ் போட்டுவிட்டார். ஏமாந்தவர்கள் என்று பார்த்தால் 7-6, 6-5 போன்றவற்றை வைத்துக்கொண்டு நடுச்சீட்டைத் தேடிவந்த சிலர்தான்.

இந்த இடத்தில் சேவையின் அழகும் ஆபத்தும் ஒன்றாகத் தெரிகின்றன. எதிராளி எப்படி ஆட வேண்டும் என்று அது கணிக்கும்போது, இஸ்பேடு ஏஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேறு எதுவும் சரியாக அமையாத கைகளைப் பொறுக்கி எடுத்து, அவற்றில் சிலவற்றை ஆல்-இன் (சில்லு முழுவதும்) தள்ள வைக்கிறது. காரணம் துல்லியமானது: அந்த ஏஸ் தன் கையில் இருப்பதால் நம்மிடம் மிகப் பெரிய ஃபிளஷ் இருக்க வழியில்லை என்று அவருக்குத் தெரியும். அப்படித் தேவையான அளவு புளஃப் (வெறுங்கையோடு வைக்கும் பொய்ப் பந்தயம்) சேர்ந்துவிடுவதால், நம்முடைய நடுத்தர ஃபிளஷ்களுக்குக் காலும் விடுதலும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. இத்தகைய இடங்களில் கட்டம் பாதி பச்சையாகவும் பாதி நீலமாகவும் தோன்றுவது வழக்கம். பயிற்சியாளர் எதை அழுத்தினாலும் “சரி” என்று பதில் வரும்.

நம் மேசையில் அது சரியில்லை. தோற்றால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஆடும் மனிதர், ஓர் ஏஸ் தன் கையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக 260 சில்லைத் தள்ளமாட்டார். செங்காங்கிலும் ஈசூனிலும் நான் உட்கார்ந்த எந்த மேசையிலும் ரிவரில் நம் பந்தயத்தின் மேல் ஏற்றுபவர் பொய்க்காக அதைச் செய்வது அரிது. அப்படி ஏற்றுபவர் பிறகு சீட்டைத் திருப்பிக் காட்டும்போது மேசையில் ஒருவரும் வியப்படைவதில்லை, கால் செய்தவரைத் தவிர. தோற்கும் சேர்க்கை ஏழுக்குப் பதிலாக நான்கு என்று வைத்துக்கொண்டால், 17 முறையில் நான்கு முறை 420ஐ வென்று, 13 முறை 200ஐ இழப்போம். ஒவ்வொரு காலுக்கும் சராசரியாக 54 சில்லு நட்டம். ஏழு இருந்தால் 17 சில்லு இலாபம். இலாபத்துக்கும் பெரிய நட்டத்துக்கும் இடையே நிற்பவை மூன்றே சேர்க்கைகள். “ஃபிளஷை எப்படி மச்சான் விடுறது?” என்று கேட்பவருக்கு நான் தரும் பதில் இந்த எண்ணிக்கைதான்.

ஆகவே இந்தச் சேவை தரும் தீர்ப்பைவிட, அது கற்றுத்தரும் எண்ணும் முறையே நமக்கு வேண்டியது. எதிராளியின் கைகளைத் திரையில் விரித்துப் பார்க்கலாம்; எந்தெந்தச் சேர்க்கை எந்தச் சுற்றில் உதிர்ந்து போனது, எது மிஞ்சியது என்பதைப் பின்தொடரலாம். அதைச் சில வாரம் பொறுமையாகச் செய்தால் மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே ஓரளவு மனக்கணக்காகச் செய்ய முடிகிறது. உயர்நிலைச் சந்தாவில் எதிராளியின் ஆட்டத்தை ஓர் இடத்தில் நாமே பூட்டி வைத்து, அதற்கு எதிரான சிறந்த பதிலைக் கணிக்கச் சொல்லும் வசதியும் இருக்கிறது. மேலே சொன்ன நிலையில் புளஃப்களை நாமே குறைத்துவிட்டு ஓட்டினால், ராணி ஃபிளஷின் கட்டத்தில் பச்சை துளியும் மிஞ்சுவதில்லை. வீட்டு ஆட்டக்காரருக்கு இந்த ஒரு வசதி மற்ற எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது என்று சொல்வேன். அதைத் தொடக்கநிலைச் சந்தாவிலேயே கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. “நம்மவர்கள் புளஃப் செய்வதில்லை” என்ற ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு எல்லாப் பந்தயத்துக்கும் கையைக் கவிழ்ப்பவர் மெல்ல மெல்லக் கரைந்து போவார். நான் மேலே சொன்னது ரிவரில் நம் பந்தயத்தின் மேல் வரும் பெரிய ஏற்றத்துக்குப் பொருந்தும். ஒருவர் பாட்டில் பாதி அளவு மட்டும் பந்தயம் வைத்தால் நமக்குத் தேவை 25 சதவீத வெற்றிதான். முழுப் பாட் அளவுக்கு 33.3; பாட்டின் இரண்டு மடங்குக்கு 40. பாதிப் பாட் பந்தயத்துக்கு எதிராக நாம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விட்டால், எதையும் வைத்திராதவர்கூட நம்மைத் தள்ளித் தள்ளியே சம்பாதிக்கலாம். இந்தச் சேவையின் கட்டங்களில் சிறிய பந்தயங்களுக்கு எதிரே நீலம் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று பார்த்தாலே அந்தப் பயம் தெளியும். நடு ஜோடியோடு கால் செய்யத் துணிவதும் ஃபிளஷை விடத் துணிவதும் ஒரே கணக்கிலிருந்து பிறப்பவை என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் கருவியை நான் பார்த்ததில்லை.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதும், இதிலுள்ள பெரும்பாலான தீர்வுகள் ஃபிளாப்புக்குப் பிறகு இருவர் மட்டுமே மோதும் நிலைகளுக்கானவை. இதற்கு ஆழமான காரணம் இருக்கிறது. ஜான் நாஷ் 1950இல் நிறுவிய சமநிலைக் கருத்து, இருவர் ஆடி ஒருவர் வெல்வதை மற்றவர் இழக்கும் ஆட்டத்தில் தெளிவான உறுதியைத் தருகிறது: அதன்படி ஆடுபவரை நீண்ட ஓட்டத்தில் யாரும் வெல்ல முடியாது. 2017இல் பிட்ஸ்பர்க் நகரில் 1,20,000 கைகள் ஆடி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்த லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரலும் இருவர் ஆட்டத்தில்தான் அதைச் சாதித்தது. மூவர், நால்வர் என்று வந்துவிட்டால் அந்த உறுதி கிடையாது. 2019இல் ஆறு பேர் மேசையில் வென்ற புளூரிபஸ் நிரல் நடைமுறையில் சிறப்பாக ஆடியது, ஆனால் கோட்பாடு தரும் காப்பு அதற்குப் பின்னால் இல்லை. நம் வீட்டு ஆட்டத்திலோ ஒருவர் ஏற்றினால் நான்கு பேர் கால் செய்கிறார்கள். இருவர் ஆட்டத்துக்கான கட்டத்தை அப்படியே அந்த மேசைக்குக் கொண்டுபோனால் விட வேண்டிய கைகளை விடமாட்டோம்.

ஜோடி ஏஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிளைண்ட் ஒன்றும் இரண்டும். ஒவ்வொருவரிடமும் 200 சில்லு. நாம் 6க்கு ஏற்ற, பட்டனும் (ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக முடிவெடுக்கும் இடம்) இரு பிளைண்டுகளும் கால் செய்து பாட் 24 ஆகிறது. ஃபிளாப்பில் ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 8, கிளாவர் 7. நாம் 16 வைக்க, பட்டன் கால் செய்ய, சின்ன பிளைண்டில் இருப்பவர் 60க்கு ஏற்றுகிறார். இப்போது 44 போட்டால் 116ஐ வெல்லலாம், 27.5 சதவீதம் போதும் என்று கணக்குக் காட்டும். எதிரில் இருப்பது 9-8 இரட்டை ஜோடி என்றால்கூட நமக்கு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். ஸ்ட்ரெய்ட்டோ மூன்று ஒன்பதோ என்றால் அதைவிட மிகவும் குறைவு. பின்னால் பட்டன் இன்னும் பேசவில்லை, டர்னிலும் ரிவரிலும் இன்னும் பெரிய பந்தயங்கள் காத்திருக்கின்றன. இருவர் மட்டும் ஆடும் மேசையில் இதே ஜோடி ஏஸை இவ்வளவு எளிதாக விட மாட்டோம். இங்கே ஏற்றியவர் மூன்று பேரைத் தாண்டி ஏற்றியிருக்கிறார். அந்தச் செய்தியைக் கட்டம் நமக்குச் சொல்லாது. ஃபிளாப்புக்கு முன் உலகிலேயே சிறந்த கையாக இருந்தது இப்போது ஒரு ஜோடி, அவ்வளவே.

இரண்டாவது குறை அடுக்கின் ஆழம் பற்றியது. பயிற்சியாளர்கள் அதிகம் புழங்கும் தீர்வுகள் 100 பெரிய பிளைண்ட் அடுக்கை வைத்துக் கணிக்கப்பட்டவை. வீட்டு ஆட்டத்தில் நள்ளிரவுக்கு மேல் யாரிடமாவது 300 பெரிய பிளைண்ட் குவிந்துவிடும், தோற்றவர் மறுபடி மறுபடி வாங்கியிருப்பார். மேலே சொன்ன 24 சில்லுப் பாட்டுக்கு எதிரே பின்னால் 54 சில்லு மட்டும் இருந்தால், அதாவது பாட்டைப்போல் இரண்டேகால் மடங்கு இருந்தால், ஜோடி ஏஸை விடும் பேச்சே எழாது. 194 இருந்தால் எட்டு மடங்கு, யோசிக்க வேண்டும். 594 இருந்தால் ஏறத்தாழ 25 மடங்கு. அந்த ஆழத்தில் முழு அடுக்கும் உள்ளே போகும்போது ஒரு ஜோடி வென்று நான் பார்த்தது மிக அரிது. ஆழத்தை மாற்றிப் பார்க்க இந்தச் சேவையில் வழி இருக்கிறது, ஆனால் தொடக்கநிலை ஆட்டக்காரர் தானாகத் தேடிப் போய் மாற்றமாட்டார். கமிஷனும் அப்படியே: ரொக்க ஆட்டத் தீர்வுகள் இணையத் தளங்கள் வெட்டும் கமிஷனைக் கணக்கில் கொண்டவை, நம் வீட்டில் சட்டப்படியே கமிஷன் கிடையாது. இது ஃபிளாப்புக்கு முந்திய தெரிவுகளைச் சற்று மாற்றும், நாம் பேசும் ரிவர் முடிவுகளை அதிகம் பாதிக்காது.

பயிற்சிப் பகுதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே நாம் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் மிகச் சிறந்தது, சரி, துல்லியக்குறைவு, தவறு, பெருந்தவறு என்று தரம் பிரிக்கப்படுகிறது. கையை வென்றோமா தோற்றோமா என்பதற்கு மதிப்பெண் இல்லை. இது மிக நல்ல ஏற்பாடு. நல்ல கையை விட்டபின் எதிராளியிடம் வெறுங்கைதான் இருந்தது என்று தெரிந்தாலும், விட்டது சரியென்றால் சரி. ஆனால் ஃபிளாப்புக்கு முன்னிருந்தே கைகளை ஆடிக்கொண்டு போனால் நாம் தேடும் வகைச் சிக்கல் எப்போதாவதுதான் வரும், பெரும்பாலான நேரம் சலிப்பான கைகளை விடுவதிலேயே போய்விடும். எந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும் என்று குறிப்பிட முடியும் என்பதால், நேரே ரிவரில் பெரிய பந்தயத்தையோ நம் பந்தயத்தின் மேல் ஏற்றத்தையோ எதிர்கொள்ளும் இடங்களை அமைத்துக்கொள்வது நல்லது. மதிப்பெண் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதும் வீண். சமமான இரு தெரிவுகளில் எதை அழுத்தினாலும் அது ஏறும். ஒவ்வொரு கையிலும் அழுத்துவதற்கு முன் “என்னை வெல்பவை எத்தனை, நான் வெல்பவை எத்தனை” என்று வாய்விட்டு எண்ணிவிட்டு, பிறகு திரையைத் திறந்து சரிபார்ப்பதே பயன் தரும் முறை. பெருவிரைவு ரயிலில் செய்தால் பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், அவ்வளவுதான்.

போட்டி ஆட்டங்களுக்கான பகுதி தனியாகப் பாராட்டத் தக்கது. நல்ல கையை விடுவதன் உச்சம் அங்கேதான் இருக்கிறது. பெரிய போட்டிக்கான தகுதிச் சுற்று ஒன்றில் பத்துப் பேருக்கு ஒரே மதிப்புள்ள இடம் கிடைக்கும், பதினோரு பேர் மிஞ்சியிருக்கிறார்கள், நம்மிடம் நிறையச் சில்லு இருக்கிறது, வேறொருவர் அடுத்த பிளைண்டில் காலியாகப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்மையே வெளியேற்றும் அளவு சில்லு வைத்திருப்பவர் ஆல்-இன் தள்ளினால், ஃபிளாப்புக்கு முன்பே ஜோடி ஏஸைக் கவிழ்ப்பதுதான் சரி. பொதுவான ஒரு கைக்கு எதிராக ஜோடி ஏஸ் 85 சதவீதம் வெல்லும் என்பது உண்மைதான். ஆனால் கையைத் தொடாமலே இருந்தால் இடம் ஏறக்குறைய உறுதி, அதற்கு மேல் வெல்லும் சில்லுக்கு மதிப்பு இல்லை. சில்லின் எண்ணிக்கையைப் பரிசுத் தொகையாக மாற்றிக் கணிக்கும் முறையை வைத்து இந்தச் சேவை அதைக் காட்டும்போது, நம்ப மறுத்தவர்களும் வாயடைத்துப் போகிறார்கள். வெளிநாடு சென்று போட்டிகளில் கலந்துகொள்ள நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதி மட்டுமே சந்தாவுக்கு ஈடாகும்.

மாற்றுகளைச் சுருக்கமாகச் சொல்வதானால், பயோசால்வர் என்ற மென்பொருளை ஒருமுறை விலை கொடுத்து வாங்கி விண்டோஸ் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். எதிராளியின் ஆட்டத்தைப் பூட்டிப் பார்ப்பதில் அது கெட்டிக்காரன், ஆனால் நினைவகம் நிறைய வேண்டும், ஒவ்வொரு நிலையையும் நாமே அமைத்துக் காத்திருக்க வேண்டும், கற்றுக்கொள்ளவும் நேரம் பிடிக்கும். ஈக்விலேப் போன்ற இலவச மென்பொருள் இரண்டு கைகளின் வெற்றி வாய்ப்பைக் கணித்துத் தரும். சேர்க்கைகளை எண்ணிப் பழக அதுவே ஓரளவு போதும். ஒரு நோட்டுப்புத்தகமும் பேனாவும் வைத்துக்கொண்டு நான் மேலே செய்ததுபோல் எண்ணினாலும் தப்பில்லை. ஜிடிஓ விசார்டின் பலம் வேகமும் கண்ணுக்குத் தெரியும் நிறங்களும்தான்.

இலவசக் கணக்கில் நாளொன்றுக்குக் குறைந்த அளவே பார்க்க முடியும் என்றாலும், வேலை முடிந்து வந்து சிறிது நேரம் உட்காருபவருக்கு அது தொடக்கத்தில் போதுமானது. சந்தா அமெரிக்க வெள்ளியில் கணக்கிடப்படுவதால் அட்டைக்கான நாணய மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டுக்கு நான்கைந்து முறை, நண்பர்களோடு சிறு தொகைக்கு மட்டும் ஆடுபவர் ஆண்டுச் சந்தா எடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கும் அளவுக்கு அவருடைய மேசையில் பாட்டே இருக்காது. ஆடும் பருவத்துக்கு ஓரிரு மாதம் முன்னதாக மாதச் சந்தா எடுத்து, எதிராளியின் ஆட்டத்தைப் பூட்டும் வசதி எந்த நிலைச் சந்தாவில் இருக்கிறது என்று பார்த்து அதையே வாங்கி, பிறகு நிறுத்திவிடலாம். ஆட்டம் நடக்கும்போது கைப்பேசியில் இதைத் திறந்து பார்ப்பது இணையத் தளங்களில் தடைசெய்யப்பட்ட செயல்; வீட்டு மேசையில் அதைச் செய்பவரை அடுத்த முறை யாரும் அழைக்கமாட்டார்கள்.